கம்பெனி கைவிரித்த பிறகு: ஒரு டீசல் பம்ப்பும் நான்கு ஜாப் கார்டுகளும்

கார் வாங்கி 14 மாதம் ஆகியிருந்தது. 23,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. நெடுஞ்சாலையில் ஒரு லாரியை முந்திக்கொண்டிருந்த நேரத்தில் எஞ்சின் நின்றுபோனது. ஆக்சிலேட்டரை அழுத்தினால் ஒன்றும் இல்லை. ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது. பிரேக்கை இரண்டு மூன்று முறை மிதித்ததும் அதுவும் இறுகிவிட்டது. பின் இருக்கையில் அம்மாவும் மகளும். லாரிக்காரர் நிலைமையைப் புரிந்துகொண்டு வேகத்தைக் குறைத்து இடம் விட்டார். அதனால்தான் ஓரத்துக்கு வர முடிந்தது. அவர் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

வண்டியை இழுத்துக்கொண்டுபோய் சர்வீஸ் சென்டரில் விட்டோம். ஐந்தாம் நாள் போன் வந்தது. "சார், ஹை பிரஷர் பம்ப் போயிடுச்சு. டீசல்ல தண்ணி கலந்திருக்கு. கம்பெனி வாரண்டி தர மாட்டாங்க. எஸ்டிமேட் அனுப்பவா?" எஸ்டிமேட் காரின் விலையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு.

அடுத்த ஒன்பது மாதம் இந்த விஷயத்தில் போனது. அதில் எது பலன் தந்தது, எங்கே தவறு செய்தேன் என்பதை இதே இடத்தில் நிற்கும் ஒருவருக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதல் தவறு பம்ப் கெடுவதற்கு வெகு முன்பே நடந்துவிட்டது. இந்த வண்டி அதற்கு முன் மூன்று முறை தொந்தரவு கொடுத்திருந்தது. ஒன்பதாவது மாதம் மேட்டில் ஏறும்போது இழுவை குறைந்து எஞ்சின் விளக்கு எரிந்தது. கொண்டுபோனேன். ஸ்கேனர் போட்டுப் பார்த்து, காரின் கம்ப்யூட்டர் பதிந்திருந்த கோளாறுக் குறியீட்டை, அதாவது 'கோட்' என்பார்களே, அதை அழித்துவிட்டு, "இப்ப ஒண்ணும் இல்ல சார்" என்று கொடுத்தார்கள். ஜாப் கார்டில், அதாவது சர்வீஸ் சென்டர் எழுதித் தரும் வேலைச் சீட்டில், என்ன எழுதியிருந்தது தெரியுமா? 'ஜெனரல் செக்கப்'. நானும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். பதினோராவது மாதம் சிக்னலில் எஞ்சின் நின்றது. 'டீசல் ஃபில்டர் மாற்றப்பட்டது' என்று மட்டும் எழுதினார்கள். மூன்றாவது முறை ரெயில் பிரஷர் சென்சரை மாற்றினார்கள். ரெயில் என்பது பம்ப் அழுத்தி அனுப்பும் டீசலை எஞ்சினுக்குப் பிரித்துத் தரும் குழாய். அந்த ஒரு முறைதான் "ஓடும்போது எஞ்சின் நின்றுவிடுகிறது என்று எழுதுங்கள்" என்று நானே சொல்லி எழுத வைத்தேன். பின்னால் எங்கள் பக்கம் பேசியது அந்த ஒரு வரிதான். முதல் இரண்டு கார்டுகளும் எங்களுக்கு எதிராகவே பயன்பட்டன. 'முன்பு இப்படி ஒரு குறை பதிவாகவே இல்லை' என்று கம்பெனி வாதாட அவையே இடம் கொடுத்தன.

ஆகவே குறை எவ்வளவு சின்னதாக இருந்தாலும், ஜாப் கார்டில் அது உங்கள் சொற்களில் இருக்க வேண்டும். எந்த வேகத்தில், எவ்வளவு நேரம் ஓட்டிய பிறகு, என்ன நடந்தது. 'இழுவை இல்லை' என்று எழுதினால் போதாது. '80 கிலோமீட்டர் வேகத்தில், அரை மணி ஓட்டிய பிறகு, எச்சரிக்கை இல்லாமல் எஞ்சின் நின்றது' என்று இருக்க வேண்டும். வண்டி உள்ளே போன தேதி, வெளியே வந்த தேதி, இரண்டு நேரத்திலும் கிலோமீட்டர் அளவு ஆகியவையும் இருக்கட்டும். இலவச வேலை என்று சொல்லிக் காகிதம் தராமல் அனுப்பினால் கேட்டு வாங்குங்கள். 'குறை எதுவும் தென்படவில்லை' என்று எழுதினாலும் பரவாயில்லை. நீங்கள் வந்தீர்கள், இன்ன குறை சொன்னீர்கள் என்பதற்கு அதுவும் சாட்சி.

ஸ்கேனர் விஷயம் இதைவிட முக்கியம், பலருக்கும் தெரியாதது. காரின் கம்ப்யூட்டர் ஒரு கோளாறைப் பதியும்போது கோடை மட்டும் வைத்துக்கொள்வதில்லை. அந்த நொடியில் எஞ்சின் எத்தனை சுற்றில் இருந்தது, வண்டி எந்த வேகத்தில் போனது, கூலன்ட் என்ன சூட்டில் இருந்தது என்பதையும் சேர்த்துப் பிடித்துவைக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். கோடை அழித்தால் அதுவும் போய்விடும். எங்கள் வண்டியில் மூன்று முறை அப்படிப் போனது. நான்காவது முறை மட்டும், அழிப்பதற்கு முன் பிரின்ட் கேட்டேன். பி 0087 என்று இருந்தது. எரிபொருள் ரெயிலில் அழுத்தம் போதவில்லை என்று அர்த்தம். மேலே சொன்ன அந்த முந்தும் நேரத்து வேகமும் அதே தாளில் இருந்தது.

சரி, நிராகரித்துவிட்டார்கள். அப்புறம் என்ன செய்வது?

போனில் சொன்னதை நான் ஏற்கவில்லை. எழுத்தில் கேட்டேன். இரண்டு நாள் "மேனேஜர் லீவு" என்றார்கள். நான் ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன்: "இன்று காலை போனில், எரிபொருளில் நீர் கலந்ததால் வாரண்டி பொருந்தாது என்று தெரிவித்தீர்கள். இது கம்பெனியின் முடிவா என்று எழுத்தில் உறுதிப்படுத்துங்கள்." ஒவ்வொரு போன் பேச்சுக்குப் பிறகும் இப்படி ஒரு மின்னஞ்சல் அனுப்புவதை அன்று முதல் வழக்கமாக்கினேன். ஒன்பது நாள் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது. ஆய்வில் எரிபொருள் மாசு கண்டறியப்பட்டது, வாரண்டி பொருந்தாது.

அதைப் படித்ததும் கோபம் தலைக்கேறியது. நான்கு பக்கத்துக்கு ஒரு பதில் எழுதி, அனுப்பாமல் வைத்துவிட்டு, மறுநாள் அதைக் கேள்விகளாகச் சுருக்கினேன். ஆய்வு செய்தவர் யார், எந்தத் தேதியில்? எந்தப் பாகத்தில் மாசு இருந்தது? படங்கள் உண்டா? எரிபொருள் மாதிரி எடுத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினீர்களா, அதில் நீர் எவ்வளவு இருந்தது? வாரண்டி புத்தகத்தில் எந்தப் பிரிவின்படி மறுக்கிறீர்கள்? பதிலளிக்க 10 நாள்.

பதினோராம் நாள் பதில் வந்தது. மாதிரி எடுக்கவில்லை, பரிசோதனை இல்லை, டெக்னீஷியன் கண்ணால் பார்த்துச் சொன்னது. கடைசியில் எங்கள் வழக்கின் முதுகெலும்பே அந்தப் பதில்தான். வாதம் செய்து ஒரு கடிதம் எழுதியிருந்தால் அவர்களும் வாதம் செய்திருப்பார்கள். கேள்வி கேட்டதால் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

அதற்குள் இன்னொரு ஆபத்து வந்துவிட்டது. கழற்றிய பம்ப் ஒரு அட்டைப்பெட்டியில் கிடந்தது. "கிளெய்ம் ரிஜெக்ட் ஆனா பாகத்த ஸ்கிராப்புக்குப் போட்டுருவோம் சார்" என்று அட்வைசர் சாதாரணமாகச் சொன்னார். நான் அங்கேயே ஒரு தாளில் எழுதினேன்: கழற்றிய பம்ப், ஃபில்டர், டேங்கில் உள்ள டீசல் எதையும் அப்புறப்படுத்தக் கூடாது, என் முன்னிலையில் அல்லாமல் மேற்கொண்டு எதையும் கழற்றக் கூடாது. நகலில் சீல் வாங்கிக்கொண்டேன். பம்ப்பின் சீரியல் நம்பர் தெரியும்படி படம் எடுத்தேன். ஃபில்டர் கிண்ணத்தையும் அதன் அடியையும் தனித்தனியாக எடுத்தேன்.

இந்த இடத்தில் கிட்டத்தட்ட இன்னொரு பெரிய தவறைச் செய்ய இருந்தேன். மைத்துனர் நல்ல மனதோடு சொன்னார்: "மாமா, வெளியில டீசல் பம்ப் வேலை பாக்குறவரு இருக்காரு, பாதி செலவுல முடிஞ்சிரும். முதல்ல வண்டிய ஓட வச்சிட்டு அப்புறம் கேஸ் போடுங்க." வண்டி இல்லாமல் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவே திண்டாடிக்கொண்டிருந்த நேரம். ஆனால் வெளியில் பிரித்துவிட்டால், பம்ப் எந்த நிலையில் இருந்தது என்பதை யாராலும் நிரூபிக்க முடியாது. கம்பெனிக்கு 'வெளியாள் கைவைத்தார்' என்று ஒரு புதுக் காரணமும் கிடைக்கும். ஆய்வு முடியும் வரை வண்டியைத் தொடவிடாதீர்கள். கஷ்டம்தான், எனக்குத் தெரியும்.

ஆய்வுக்கு, கம்பெனியோடு தொடர்பில்லாத ஒரு ஆட்டோமொபைல் என்ஜினியரைப் பிடித்தோம். அவர் முதலில் சொன்னது, "தனியா வந்து பாக்க மாட்டேன். அவங்களுக்கும் தேதி சொல்லி லெட்டர் போடுங்க. வந்தா வரட்டும், வராட்டி அது அவங்க பாடு." சர்வீஸ் சென்டரிலிருந்து ஃபோர்மேன் வந்து நின்று பார்த்தார். முதுகுக்குப் பின்னால் செய்தது என்று பிறகு யாரும் சொல்ல முடியவில்லை.

டீசல் மாதிரியை இருவர் முன்னிலையில் மூன்று பாட்டில்களில் எடுத்து, சீல் வைத்து, சீலின் மேல் கையெழுத்துப் போட்டோம். ஒன்று பரிசோதனைக் கூடத்துக்கு, ஒன்று கம்பெனிக்கு, ஒன்று திறக்காமல் எங்களிடம். பாட்டிலைப் பரிசோதனைக் கூடமே கொடுத்தது. வீட்டுப் பாட்டிலில் பிடித்தால் அதிலிருந்த ஈரத்தைக் காட்டியே முடித்துவிடுவார்கள். டீசலில் நீரும் உராய்விலிருந்து காக்கும் தன்மையும் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு எல்லை உண்டு. உதாரணத்துக்கு ஐரோப்பாவின் இஎன் 590 தரம் ஒரு கிலோவுக்கு 200 மில்லிகிராம் நீருக்கு மேல் அனுமதிப்பதில்லை, உராய்வுச் சோதனையில் விழும் தேய்மானத் தழும்பு 460 மைக்ரானைத் தாண்டக் கூடாது. எங்கள் மாதிரி பொருந்தவேண்டிய எல்லைகளுக்குள் இருந்தது.

பம்ப்பைப் பிரித்தபோது என்ஜினியர் எனக்கு விளக்கியதை மறக்க முடியாது. இந்த வகை பம்ப் 2,000 பார் (அழுத்தத்தின் அலகு) வரைகூட அழுத்தம் கொடுக்கும். அதற்குத் தனியாக ஆயில் கிடையாது, ஓடுகிற டீசலே உயவு. நீர் இறங்கிக் கெட்டிருந்தால் துரு, அரிப்புப் புள்ளிகள், ஃபில்டரின் அடியில் நீர் என்று ஏதாவது ஒரு அடையாளம் இருக்கும். எங்களுடையதில் துரு இல்லை, ஃபில்டர் கிண்ணம் உலர்ந்திருந்தது. இருந்தது பளபளப்பான உலோகத் துகள், ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த தடம். பம்ப் தன்னைத்தானே தின்றிருக்கிறது என்றார். அந்தத் துகள் ரெயிலுக்கும், எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களுக்கும் போய், திரும்பும் குழாய் வழியாக டேங்குக்கும் வந்திருந்தது.

அவர் எழுதிய அறிக்கையில் எனக்குப் பிடித்தது, கண்ணால் பார்த்ததை ஒரு பகுதியாகவும், அதிலிருந்து தான் எடுத்த முடிவை வேறு பகுதியாகவும் பிரித்திருந்ததுதான். 'தயாரிப்புக் குறை' என்று முதல் வரியிலேயே அடித்துச் சொல்லும் அறிக்கையை எதிர்த் தரப்பு ஒரு கேள்வியில் உடைத்துவிடும். நீங்கள் ஒருவரை அமர்த்தினால் இதைக் கேட்டு வாங்குங்கள்.

எல்லா நிராகரிப்பும் எரிபொருளைச் சொல்லி வராது. சர்வீஸ் தாமதம் என்பார்கள். தாமதத்துக்கும் கெட்ட பாகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேளுங்கள். வெளியில் வேலை பார்த்தீர்கள், வேறு கம்பெனி பாகம் போட்டீர்கள் என்பார்கள். அமெரிக்காவில் 1975-இல் வந்த மேக்னஸன்-மாஸ் வாரண்டி சட்டத்தின்படி, அந்தக் காரணத்தை மட்டும் சொல்லி மறுக்க முடியாது, அந்தப் பாகம்தான் சேதத்துக்குக் காரணம் என்று கம்பெனி காட்ட வேண்டும். மற்ற இடங்களிலும் கேட்கத் தகுந்த கேள்விதான் அது. 'இந்த மாடலின் இயல்பே இப்படித்தான்' என்பதுதான் பதில் சொல்லக் கடினமானது. அதற்கு ஒரே வழி, அதே மாடலில் இன்னொரு வண்டியைப் பக்கத்தில் நிறுத்தி, இரண்டையும் ஓட்டிக் காட்டி, அதை ஜாப் கார்டில் எழுத வைப்பது. கூடவே, 17 இலக்கச் சேசிஸ் நம்பரைப் போட்டு ரீகால், அதாவது குறையுள்ள வண்டிகளைக் கம்பெனியே திரும்ப அழைத்துச் சரிசெய்யும் அறிவிப்பு, ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். ரீகாலில் வந்த குறையென்றால் வாரண்டிச் சண்டையே தேவைப்படாமல் போகலாம்.

நான் மிகத் தாமதமாகப் புரிந்துகொண்ட ஒன்று உண்டு. வாரண்டி என்பது தயாரிப்பாளர் தானாகக் கொடுக்கும் வாக்கு. சட்டம் தரும் உரிமை வேறு. வாரண்டி மறுக்கப்பட்டால் அந்த உரிமை கூடவே செத்துப்போவதில்லை. பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டத்தில் முதல் பொறுப்பு வண்டியை விற்றவருக்கு, தயாரிப்பாளருக்கு அல்ல. முதல் 30 நாளில் குறையுள்ள வண்டியைத் திருப்பிக் கொடுக்கலாம். ஆறு மாதத்துக்குள் தெரிந்த குறை, வாங்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும், இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் வேலை. ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்த நிரூபணச் சுமை குறைந்தது ஒரு வருடம் விற்றவர்மேல் இருக்கும். கலிஃபோர்னியாவில் 18 மாதம் அல்லது 18,000 மைலுக்குள் ஒரே குறைக்கு நான்கு முறை ரிப்பேருக்குப் போயிருந்தால், உயிருக்கு ஆபத்தான குறையென்றால் இரண்டு முறை போயிருந்தாலே, அல்லது வண்டி மொத்தம் 30 நாளுக்கு மேல் ரிப்பேரில் கிடந்திருந்தால், சரிசெய்யக் கம்பெனிக்கு நியாயமான வாய்ப்பு கொடுத்தாயிற்று என்று சட்டம் அனுமானிக்கும். இந்தியாவின் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தயாரிப்பாளர், விற்பவர், சர்வீஸ் செய்பவர் மூவரையும் பொறுப்பாக்குகிறது. குறையைக் கண்டறிய நுகர்வோர் ஆணையமே (நாம் நுகர்வோர் நீதிமன்றம் என்பது) பொருளைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பவும் முடியும். எந்த நாட்டுக் கணக்கானாலும் ரிப்பேருக்குப் போன எண்ணிக்கையும் வண்டி கிடந்த நாட்களும்தான் பேசுகின்றன, கவனியுங்கள். அதற்குத்தான் ஜாப் கார்டைப் பற்றி அவ்வளவு எழுதினேன்.

காலக்கெடுவை மறக்காதீர்கள். இந்தியாவில் நுகர்வோர் புகாருக்கு இரண்டு வருடம். மற்ற நாடுகளில் வேறு வேறு. கம்பெனியோடு கடிதம் எழுதிக்கொண்டிருப்பதால் அந்தக் கடிகாரம் பொதுவாக நிற்பதில்லை. 'மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறோம்' என்ற பதில் எனக்கு மூன்று முறை வந்தது. முதல் நாளே கெடு முடியும் தேதியைக் கணக்கிட்டு ஃபைலின் அட்டையில் எழுதிவையுங்கள்.

ஆய்வறிக்கையை அனுப்பிய மூன்றாம் வாரம் கம்பெனியிலிருந்து சலுகை வந்தது. 'நல்லெண்ண அடிப்படையில்' பம்ப் விலையில் பாதியை ஏற்கிறார்களாம். கூடவே ஒரு தாள். இந்த வாகனம் தொடர்பாக இனி எந்தக் கோரிக்கையும் எழுப்ப மாட்டேன் என்று நான்கு வரி. வீட்டில் எல்லோருக்கும் அலுத்துப்போயிருந்தது. "வாங்கிட்டு முடிச்சிருப்பா" என்று அம்மா சொன்னார். நானும் பேனாவை எடுத்துவிட்டேன். ஆனால் துகள் இன்ஜெக்டர் வரை போயிருக்கிறது. பம்ப்பை மட்டும் மாற்றினால் புதுப் பம்ப்பும் கொஞ்ச நாளில் அதே கதிக்கு வரும், அப்போது கேட்க எனக்கு உரிமை இருக்காது. கையெழுத்துப் போடவில்லை. சலுகையை ஏற்பது தவறு என்று சொல்ல வரவில்லை. எதற்கு ஈடாக எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று அந்தத் தாளைப் படித்துவிட்டு முடிவு செய்ய வேண்டும். டெலிவரி எடுக்கும்போது நீட்டும் 'திருப்தி' படிவமும் இதே வகைதான்.

சின்னச் சின்னதாகச் சில. காருக்கான கடன் தவணையை நிறுத்தாதீர்கள். வங்கிக்கும் உங்கள் பம்ப்புக்கும் சம்பந்தம் இல்லை, கெடுவது உங்கள் பெயர்தான். இன்சூரன்ஸையும் விட்டுவிடாதீர்கள். வண்டி கிடக்கும் நாட்களுக்கு சர்வீஸ் சென்டர் வாடகை கேட்டால், மறுத்து உடனே எழுதுங்கள். கட்டியே ஆக வேண்டிய நிலை வந்தால் பில்லிலேயே 'எதிர்ப்பைத் தெரிவித்து, உரிமையை விட்டுக்கொடுக்காமல் செலுத்துகிறேன்' என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். இழுவை வண்டி, வாடகைக் கார் ரசீதுகள் எல்லாம் ஒரு உறையில் இருக்கட்டும். ஓடும்போது நின்ற வண்டி என்பதால், வாகனப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பிடமும் தனியாகப் புகார் பதிந்தேன். அதனால் எனக்குப் பணம் வராது. ஆனால் அதே பம்ப் இன்னும் எத்தனை குடும்பங்களின் வண்டியில் இருக்கிறதோ.

கடைசியில் நுகர்வோர் நீதிமன்றத்தில் விற்றவர், தயாரிப்பாளர் இருவரையும் சேர்த்துப் புகார் கொடுத்தோம். நோட்டீஸ் எழுதவும் புகாரைச் சரிபார்க்கவும் ஒரு வக்கீலை வைத்துக்கொண்டேன். என்ன கேட்பது என்பதில் அவர் கறாராக இருந்தார். முதலில் வண்டியை மாற்றித் தரக் கேட்டோம். அது இல்லையென்றால் எரிபொருள் அமைப்பு முழுவதையும் செலவின்றி மாற்ற வேண்டும், அதோடு அலைந்த செலவு. 'புது வண்டி, இல்லையேல் ஒன்றும் வேண்டாம்' என்று போனால் பல நேரம் கையில் ஒன்றும் மிஞ்சாது என்றார்.

சமரசப் பேச்சில் முடிந்தது. பரிசோதனை எதுவும் செய்யாமல் மறுத்தோம் என்று அவர்களே எழுதிய அந்த மின்னஞ்சலை எங்கள் வக்கீல் படித்தார். கம்பெனி வக்கீல் கொஞ்ச நேரம் கேட்டு வெளியே போனார். பம்ப், ரெயில், நான்கு இன்ஜெக்டர்கள், குழாய்கள், டேங்க் சுத்தம் எல்லாம் அவர்கள் செலவு. புதுப் பாகங்களுக்கு இரண்டு வருட வாரண்டி எழுத்தில். இழுவைச் செலவும் வாடகைக் கார் செலவில் ஒரு பகுதியும் கிடைத்தது. வண்டியை மாற்றித் தரவில்லை. அந்த ஒன்பது மாத உளைச்சலுக்கும் ஒன்றும் இல்லை.

போன மாதம் நண்பர் ஒருவர் போன் செய்தார். அவரோடு கூட வேலை பார்ப்பவருக்கு வேறு கம்பெனியின் கார், கியர்பாக்ஸ் போய்விட்டதாம், 'ஓட்டும் முறை சரியில்லை' என்று மறுத்துவிட்டார்களாம். எந்தச் சட்டம், எந்த வக்கீல் என்று அவர் கேட்டுக்கொண்டே போனார். நான் இடைமறித்து, "கழற்றின கியர்பாக்ஸ் இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. போனை வைத்துவிட்டு உடனே சர்வீஸ் சென்டருக்குப் போகச் சொன்னேன்.